குழந்தையைக் கழுவுவது யார்?

(தாம்பரத்தில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் இட ஒதுக்கீடு பற்றியும் ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச் சட்டம் பற்றியும் பேசினார்கள். நான் பேசப்போவது குழந்தைகளின் மலம், கஞ்சி, காய்ச்சல், வீட்டு வாடகை பற்றி. சிரிக்கிறீர்கள், பரவாயில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் ஆறு வருடமாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். இப்போது 14 குழந்தைகள். எட்டு மாதக் கைக்குழந்தையிலிருந்து நாலு வயது வரை. நானும் இன்னொரு அக்காவும் பார்த்துக்கொள்கிறோம். நானும் உங்களைப் போலக் கல்லூரிக் காலத்தில் புத்தகம் படித்து, கூட்டம் போய், சாதியைப் பற்றி ஓரளவு தெரிந்துகொண்டவள்தான். ஆனால் எனக்குள்ளேயே அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை இந்த ஊட்டுகிற, கழுவுகிற வேலைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். அதை மட்டும் சொல்கிறேன்.

காலை ஐந்தே முக்காலுக்கு முதல் குழந்தை வந்துவிடும். தூக்கத்திலேயே தோளில் போட்டுக்கொண்டு வருவார் அதன் அம்மா. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். ஆறு மணிக்குள் போய் வருகையைப் பதிய வேண்டும். பத்து நிமிடம் தாமதமானால் அன்றைய கூலி சந்தேகம். அடுத்தது, சானடோரியம் மெப்ஸில் தையல் வேலைக்குப் போகிறவரின் பிள்ளை. பிறகு வீட்டுவேலைக்குப் போகும் இரண்டு பேர். எட்டரைக்கு மேல் கடை, கூரியர் ஆபீஸ், ஆஸ்பத்திரி வரவேற்பு என்று வேலை பார்ப்பவர்களின் குழந்தைகள். ஒரு குழந்தையின் அப்பா அம்மா இருவருமே ஐடி. அவர்களுடைய வழக்கமான பெரிய பிளே ஸ்கூலில் ஒன்றரை வயதுக்குள் எடுக்கமாட்டார்கள் என்பதால் எங்களிடம் வந்தவர்கள்.

'அதற்கு அங்கன்வாடி இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் மட்டும் இன்று 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள். சத்துமாவு, முட்டை, தடுப்பூசி, எடை பார்ப்பது என்று ஏழைக் குழந்தைக்கு இந்த மாநிலத்தில் உயிர் கொடுத்த வேலைகளில் அதுவும் ஒன்று. எங்களிடம் வரும் குழந்தைகளுக்கும் சத்துமாவு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அது காலை எட்டரை, ஒன்பதுக்குத் திறக்கும். சாயங்காலம் நாலு மணி வாக்கில் மூடும். உட்காரவைத்துப் பார்த்துக்கொள்வது இரண்டு வயதுக்கு மேல். ஆறு மணிக்குத் தெருவில் நிற்க வேண்டிய பெண், பத்து மாதக் குழந்தையை எங்கே விடுவார்? இந்த நகரம் விடிவதற்குள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறோம். சுத்தம் செய்கிறவருக்குக் குழந்தை இருக்கும் என்ற நினைப்பு மட்டும் அந்த நேர அட்டவணையில் இல்லை.

சரி, வீட்டுக்கு வருகிறேன். காப்பகம் தொடங்க வீடு தேடிய கதை. புறநகரில் யாரும் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று நேராகக் கேட்பதில்லை. நாகரிகமாகிவிட்டோம். 'நான்வெஜ் செய்வீங்களா?' என்பது முதல் கேள்வி. 'சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு?' என்பது இரண்டாவது. நான் இடைநிலைச் சாதி ஒன்றில் பிறந்தவள். அதனால் இரண்டு கேள்வியையும் தாண்டி வீடு கிடைத்தது. திறந்து மூன்று மாதம் கழித்து வீட்டுக்காரர் மூன்றாவது கேள்வியோடு வந்தார். 'எந்த ஏரியா புள்ளைங்கம்மா வருது?'

எந்த ஏரியா. இந்தப் பக்கத்தில் சாதிக்கு இன்னொரு பெயர் ஏரியா. ஏரிக்கரைக் குடியிருப்பு, ரயில்வே லைன் ஓரம், ஹவுசிங் போர்டு என்று இடத்தின் பெயரைச் சொன்னால் போதும், கேட்டவர் மிச்சத்தைப் புரிந்துகொள்வார். நான் மழுப்பினேன். 'பக்கத்துல இருந்துதான் சார்' என்றேன். அடுத்த வருடம் வாடகையோடு ஒரு நிபந்தனையும் ஏறியது: குழந்தையை விட வருகிறவர்கள் முன்வாசல் வழியாக வரக்கூடாது, பக்கச் சந்து வழியாக வர வேண்டும். காரணம் என்ன தெரியுமா? செருப்பு மண். ஐடி தம்பதியும் சந்து வழியாகத்தான் வர வேண்டுமா என்று கேட்டேன். 'அவங்க பரவாயில்ல' என்றார். அப்புறம் நாங்கள் வீடு மாறினோம். நான் சண்டை போட்டு வெளியே வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு வீடு கிடைக்கும் வரை ஏழு மாதம் சந்து வழியாகத்தான் குழந்தைகளை வாங்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். சாதி எதிர்ப்பு இயக்கத்தில் இருப்பவர்களுக்குப் பந்தியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1920-இல் நீதிக்கட்சிக் காலத்தில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது உங்களுக்குத் தெரியும். அடுத்த சில வருடத்தில் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பார்ப்பன மாணவர்களுக்குத் தனிச் சாப்பாடு போட்டதை எதிர்த்துப் பெரியார் எழுப்பிய சண்டையும் தெரியும். 2023-இல் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்த சில நாட்களிலேயே, கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் அருந்ததியர் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். பள்ளியில் நடந்தால் அது செய்தியாகிறது. ஆட்சியர் வருகிறார், சட்டம் இருக்கிறது, நீங்கள் ஆர்ப்பாட்டம் நடத்துகிறீர்கள். என் வீட்டில் நடந்தது ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு.

என்னோடு வேலை செய்யும் அக்கா தலித். ஐந்து பிள்ளை பெற்று மூன்றை வளர்த்தவர். ஒரு குழந்தை சாப்பிட மறுத்தால் நான் கதை சொல்லி, பாட்டுப் பாடி, கெஞ்சி முடித்த பிறகு, அவர் வந்து ஒன்றுமே சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு வாய் சாப்பிடுவார். குழந்தை அவர் தட்டில் கை வைக்கும். அவ்வளவுதான் வித்தை. அவர் கையால் ஊட்டினால்தான் சாப்பிடும் குழந்தைகள் ஐந்தாறு உண்டு. அதில் ஒரு குழந்தையின் அம்மா அனுப்பிய குரல் பதிவு: 'அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பாவுக்கு நீங்களே ஊட்டிடுங்களேன். அந்த ஆயா கை சுத்தமா இருக்குமான்னு எங்க மாமியார் பயப்படுறாங்க.'

அதே அக்கா அந்தக் குழந்தையைக் கழுவிவிடலாம். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, மாமியாருக்கும் இல்லை. மலம் கழுவுகிற கை சோறு ஊட்டக் கூடாது என்கிறார்கள். சுகாதாரம் என்று வாதிடலாம். ஆனால் நான் கழுவிவிட்டு ஊட்டினால் பயம் வரவில்லையே. சோப்பு ஒன்றுதான், குழாய் ஒன்றுதான்.

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதல் நாள், 'சரிம்மா' என்று பதில் அனுப்பினேன். மாதம் 1,800 ரூபாய் கட்டணம். ஒரு குழந்தை நின்றால் எங்களுக்கு ஒரு வாரத்துக் காய்கறி, பால், கேஸ் எல்லாம் போய்விடும். மூன்று நாள் அந்தக் குழந்தைக்கு நானே ஊட்டினேன். அது சாப்பிடாமல் அக்காவைப் பார்த்துக் கை நீட்டியது. அக்கா அடுப்பங்கரையிலிருந்து வரவில்லை. நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவே வேண்டியிருக்கவில்லை, அந்தக் கேள்வியை அவர் தன் வாழ்நாளில் எத்தனை வீட்டு வாசலில் பார்த்திருப்பார். நாலாவது நாள் நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, 'விடும்மா, நீ வாடகை கட்டணும்ல' என்றார். புத்தகங்களில் படித்த எதுவும் எனக்கு அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு முறை வைத்தோம். ஒரு வாரம் நான் சமைத்து ஊட்டுவேன், அக்கா கழுவுவார். மறு வாரம் அவர் சமைத்து ஊட்டுவார், நான் கழுவுவேன். சேர்க்கும்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுவோம்: இங்கே யார் ஊட்டுவது என்று நீங்கள் சொல்ல முடியாது. குழந்தைகள் அவரை ஆயா என்று கூப்பிடுவதும் என்னை டீச்சர் என்று கூப்பிடுவதும் நின்றது. இரண்டு பேரும் அம்மாதான். அவர் பெரியம்மா, நான் சின்னம்மா. அந்தக் குரல் பதிவு அனுப்பிய குடும்பம் நின்றுவிட்டது. இன்னொரு குடும்பமும் காரணம் சொல்லாமல் நின்றது. அந்த வருடம் 14 பேர் 11 ஆனது. முறையைச் சொன்ன உடனே எழுந்து போகிறவர்களும் உண்டு. உட்கார்ந்து கேட்டுவிட்டு, 'எங்களுக்கும் அப்படித்தாங்க வேணும்' என்று சொன்னவர்களும் உண்டு. சாதி கேட்டால் மனம் மாறாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள் என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

அடுத்தது டயபர். இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம்தான்.

எட்டுக் குழந்தை டயபர் போடுகிற வயது என்றால் ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து சேரும். கறுப்புக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு மற்றக் குப்பையோடு வெளியே வைப்போம். வண்டி வரும், எடுத்துப் போகும். நான் முதலில் சொன்னேனே, ஐந்தே முக்காலுக்கு வருகிற அம்மா. அவருக்கு ஒரு முறை எங்கள் தெருப் பக்கம் வேலை மாற்றிப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்துக் குழந்தையை வாங்க வந்தவர், மெதுவாகக் கேட்டார். 'அக்கா, அந்தக் கவரைத் தனியா வைக்க முடியுமா? பிரிக்கும்போது கையில ஒட்டுது. அங்கயே கழுவத் தண்ணி இருக்காது. அப்படியே வந்து இவளைத் தூக்க வேண்டியிருக்கு.'

அவர் குழந்தையை நாங்கள் சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுக்கிறோம். எங்கள் எட்டுக் குழந்தைகளின் மலத்தை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறோம். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. அதைப் பற்றி நான் மேடையில் பேசியிருக்கிறேன். பயன்படுத்திய டயபரைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்வதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் வாசலில் அது என் கண்ணில் படவில்லை.

மாற்றினோம். மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, டயபரைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு அடையாளம் போட்ட தனிப் பையில் வைக்கிறோம். பகலில் முடிந்தவரை துணி. ஒன்றரை வயதிலிருந்து உட்காரப் பழக்குகிறோம். உடனே அடுத்த கேள்வி வந்தது: துணியைத் துவைப்பது யார்? அதையும் வாரமுறையில் சேர்த்தோம். தண்ணீர்ச் செலவு கூடியது. எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை, செப்டிக் டேங்க்தான். அது சீக்கிரம் நிறைகிறது. லாரிக்குப் பணம். லாரியில் வருகிறவர் உள்ளே இறங்கக் கூடாது, குழாய் மட்டும்தான் என்று ஒவ்வொரு முறையும் நான் நின்று பார்க்கிறேன். அவர் யார், எந்த ஏரியா என்று நான் கேட்க வேண்டியதில்லை, உங்களுக்கும் தெரியும். இப்படி ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் வீடு முழுக்க அவிழ்கிறது, தோழர்களே. ஒரு குழந்தையைச் சுத்தமாக வைத்திருப்பது என்பது அந்த அசுத்தத்தை எங்கே, யாரிடம் அனுப்புகிறோம் என்பதும்தான்.

மற்ற தினசரிச் சிக்கல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல். எல்லாக் காப்பகத்திலும் ஒரு விதி உண்டு: காய்ச்சல் என்றால் கூட்டி வரக் கூடாது. சரியான விதி. ஒரு குழந்தைக்குக் கை, கால், வாயில் கொப்புளம் வந்தால் மூன்று நாளில் எல்லோருக்கும் வரும். ஆனால் ஐடி அம்மா வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொள்வார். தினக்கூலி அம்மா பாராசிட்டமால் சிரப்பைக் கொடுத்து, உடம்பு குளிர்ந்ததும் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடுவார். பதினொரு மணிக்குக் கொதிக்கும். போன் அடித்தால் எடுக்க முடியாது. வேலைக்குள் போனை அனுமதிக்க மாட்டார்கள். பொய் சொன்னாரே என்று எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது? இப்போது பின் அறையில் ஒரு தொட்டில் தனியாக வைத்திருக்கிறோம். உண்மையைச் சொல்லிக் கூட்டி வாருங்கள், ஒளிக்காதீர்கள் என்று சொல்கிறோம். அந்த நாட்களில் இருவரில் ஒருவர் பின் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும், மீதிப் பதின்மூன்றை இன்னொருவர் பார்க்க வேண்டும். இது நல்ல ஏற்பாடு இல்லை. வேறு ஏற்பாடு கையில் இல்லை.

தாமதம். பெரிய இடங்களில் ஆறு மணிக்கு மேல் அரைமணி நேரத்துக்கு இவ்வளவு என்று அபராதம். ஓவர்டைமை மறுக்க முடியாத பெண்ணிடம் அந்த ஓவர்டைம் பணத்தையே அபராதமாக வாங்கினால் அவர் எதற்காக நின்றார்? நாங்கள் வாங்குவதில்லை. ஆனால் அக்கா எட்டு மணி வரை நின்றால் அவருக்குக் கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும். 'சேவை மனப்பான்மை' என்று சொல்லி அவர் நேரத்தை எடுத்துக்கொண்டால் எனக்கும் அந்த வீட்டுக்காரருக்கும் வித்தியாசம் இல்லை. 14 பேரும் முழுக் கட்டணம் கட்டினால் 25,200. கட்டமாட்டார்கள், நாலைந்து பேர் பாதிதான் கட்ட முடியும். வாடகையும் அக்காவின் சம்பளமும் சாப்பாட்டுச் செலவும் போனால் எனக்கு நிற்பது பெரும்பாலும் சில நூறு ரூபாய். என் கணவரின் சம்பளத்தில்தான் என் வீடு ஓடுகிறது. ஆக, இந்தக் காப்பகம் நடப்பது என் கொள்கையால் மட்டும் இல்லை, எனக்கு இருக்கும் வசதியாலும்தான். அதனால்தான் 'நீங்களும் ஒன்று தொடங்குங்கள்' என்று உங்களிடம் சொல்ல நான் வரவில்லை.

அனுமதி, சான்றிதழ் பற்றிப் புலம்புகிறவர்கள் உண்டு. நானும் புலம்பியிருக்கிறேன். ஆனால் 2004 ஜூலை 16-ஐ நினைத்துக்கொள்வேன். கும்பகோணத்தில் கூரைக் கொட்டகையில் 94 பிள்ளைகள் எரிந்து செத்தார்கள். மலிவாகப் பள்ளி நடத்துவதன் விலை அது. எங்கள் வீட்டில் சிலிண்டர் வெளியில், அடுப்பறைக்கு அடைப்பு, முன்னும் பின்னும் இரண்டு வாசல். ஏழைக் குழந்தைக்கு 'ஏதோ ஒன்று' போதும் என்பதும் சாதிதான்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இங்கிருந்து கிழக்கே, வேளச்சேரி சாலையைத் தாண்டிப் போனால் பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் உள்ளே இருந்த குடிசைப் பகுதிகளிலிருந்தும் பிடுங்கிக்கொண்டுவந்து வைத்த மக்கள். பெரும்பாலோர் தலித்துகள். அதற்கு முன்பே கண்ணகி நகர், செம்மஞ்சேரி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி, எட்டு மாடிக் கட்டடங்கள், வரிசை வரிசையாக. மயிலாப்பூரிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் வீட்டுவேலை செய்தவர்கள் முன்பு நடந்துபோய் வந்தார்கள். மத்தியானம் ஓடிவந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். இப்போது விடியும் முன் பஸ் ஏறி, இருட்டிய பிறகு வந்து இறங்குகிறார்கள். பழைய இடத்தில் பாட்டி இருந்தார், பக்கத்து வீட்டு அத்தை இருந்தார், தெரு இருந்தது. பிள்ளையை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். மறுகுடியமர்த்தம் அந்த உறவுகளைக் குலுக்கிச் சீட்டுப் போட்டு வெவ்வேறு பிளாக்கில் கொட்டிவிட்டது. வீட்டுக்குப் பட்டியலில் கணக்கு உண்டு. குழந்தை பார்த்துக்கொண்ட பாட்டிக்குக் கணக்கு இல்லை.

அப்படியானால் குழந்தையை யார் பார்க்கிறார்கள்? அக்காக்காரி. எங்கள் காப்பகத்துக்கு ஒரு நாள் ஒரு பெண் வந்தாள். ஏழாவது படிக்க வேண்டிய வயது. இடுப்பில் ஒரு வயதுத் தம்பி. 'இவனை எடுத்துப்பீங்களா, நான் ஸ்கூலுக்குப் போகணும்' என்றாள். அவளே கேட்டு வந்திருக்கிறாள், அம்மாவுக்குத் தெரியாது. அவ்வளவு தூரத்திலிருந்து தினமும் கொண்டுவந்து விட முடியாது என்று கணக்குப் பார்த்து நாங்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அழவில்லை. தம்பியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். குழந்தைகள் காப்பகத்தைப் 'பெண்கள் பிரச்சினை' என்று கடைசி வரிசையில் வைக்கும் தோழர்களுக்கு நான் சொல்வது, அது அந்த ஏழாம் வகுப்பின் பிரச்சினை. நீங்கள் மேடையில் கேட்கும் இட ஒதுக்கீடு வரை அந்தப் பெண் வந்துசேர வேண்டுமானால் முதலில் அவள் இடுப்பிலிருந்து தம்பி இறங்க வேண்டும்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பழைய மகாபலிபுரம் சாலை. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்று எழுதினார்கள். நல்ல சட்டம். உங்களில் சிலர் அந்த நிறுவனங்களில் இருக்கிறீர்கள். உங்கள் தளத்தைத் துடைக்கிற ஒப்பந்தத் தொழிலாளரின் பிள்ளை அந்தக் காப்பகத்தில் இருக்கிறதா என்று நாளைக்குப் போய்ப் பாருங்கள். கட்டடத் தொழிலாளர்களுக்காக 1996-இல் வந்த சட்டமும், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்று சொன்னது. இந்தப் பக்கம் எத்தனை அடுக்குமாடி எழும்பியிருக்கிறது! மணல் குவியல் பக்கத்தில் சேலைத் தூளியில் ஆடிய பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இது நமக்குப் புதிய வேலை இல்லை. 1863-இல் புனேயில், கைவிடப்பட்ட பார்ப்பன விதவைகள் பிள்ளை பெறவும், அந்தப் பிள்ளைகள் கொல்லப்படாமல் இருக்கவும் ஜோதிராவ் புலேவும் சாவித்திரிபாயும் தங்கள் வீட்டிலேயே ஓர் இல்லம் நடத்தினார்கள். அப்படிப் பிறந்த ஒரு குழந்தையைத் தங்கள் மகனாக வளர்த்தார்கள். சாவித்திரிபாயைப் பள்ளி ஆசிரியராகப் படம் போட்டுக் கொண்டாடுகிறோம். அவர் பிள்ளைகளைக் கழுவியும் இருப்பார், ஊட்டியும் இருப்பார். 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவுக்கு ஆதரவாக அம்பேத்கர் பேசியபோது, அந்தச் செலவின் சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டியது நியாயம் என்றார். பிள்ளை வளர்ப்பு தாயின் தலைவிதி இல்லை, பொதுச் செலவு என்ற வாதம் நம்முடையது. அதை நாம்தான் பாதியில் விட்டுவிட்டோம்.

அந்தப் பொதுச் செலவை இன்று தாங்குகிறவர்கள் யார்? அங்கன்வாடிப் பணியாளரை ஒன்றிய அரசு இன்றும் 'மதிப்பூதியம்' பெறும் தன்னார்வலர் என்றுதான் சொல்கிறது. 2018-இல் உயர்த்தியது மாதம் 4,500 ரூபாய். உதவியாளருக்கு அதில் பாதி, 2,250. மாநில அரசு சேர்த்துக் கொடுப்பதால் தமிழ்நாட்டில் நிலை கொஞ்சம் மேல். ஆனாலும் காலமுறை ஊதியம் கேட்டுப் போராடாத வருடம் இல்லை. இவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்சநீதிமன்றம் 2022 ஏப்ரலில் சொல்ல வேண்டியிருந்தது. கணக்கெடுப்புக்கும் செயலியில் பதிவு போடுவதற்கும் அவர்களைத் தெருத் தெருவாக அனுப்பிவிட்டு, 'பிள்ளைகளை நன்றாகப் பார்ப்பதில்லை' என்று நாமும் பேசுகிறோம். அங்கன்வாடி நேரத்தை நீட்டு என்று நான் கேட்கும்போது, அதே இரண்டு பெண்களைப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வை என்று கேட்கவில்லை. இரண்டாவது ஷிப்டுக்கு ஆள், அவர்களுக்கு முழுச் சம்பளம், ஆறு மாதக் குழந்தைக்கும் இடம். அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைக்கும் 'பால்னா' திட்டம் 2022-இலிருந்து காகிதத்தில் இருக்கிறது. அதைப் பெரும்பாக்கத்திலும் சானடோரியத்திலும் காலை ஐந்தரைக்குத் திறக்கும் கதவாக மாற்றக் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? ஒரு பிடி இருக்கிறது. உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஓர் ஆணை போட்டது. ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் குறைந்தது 40 பேர் இருந்து அங்கன்வாடி இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும். கிராமத்துக்கும் பொருந்தும், நகரக் குடிசைப் பகுதிக்கும் பொருந்தும். பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை என்று அதே வழக்கில் 2004-லேயே சொல்லியாகிவிட்டது. நூறு குடும்பத்துக்கு மேல் இருக்கும் ஓர் எட்டு மாடி பிளாக்கில் 40 குழந்தைகள் இருக்காதா? இருக்கும் என்று நானும் நினைக்கிறேன். நினைப்பை மனுவாகக் கொடுக்க முடியாது. பெயர், வயது, அம்மா எத்தனை மணிக்குப் போகிறார், எத்தனை மணிக்கு வருகிறார், இடையில் யார் பார்க்கிறார்கள், அந்த யாரோ பள்ளிக்கூடம் போகிறாளா — இந்த ஆறையும் வீடு வீடாக எழுத வேண்டும்.

தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கி, மேயர் பதவியைப் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கினார்கள். இங்கே உள்ள வார்டுகளுக்கான மனுவை அங்கே கொடுக்கலாம். பெரும்பாக்கத்துக்கான மனுவை மாவட்ட ஆட்சியரிடமும், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும், வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடமும் கொடுக்க வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரும்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் நிற்போம். ஏழு மணிக்கு ஏன் என்றால், ஞாயிறு ஒரு நாள்தான் அம்மாக்கள் வீட்டில் இருப்பார்கள். ஒன்பதுக்கு மேல் போனால் துணி துவைக்க, தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார்கள். லிப்ட் ஓடாது என்று நினைத்துக்கொண்டே வாருங்கள். ஆண் தோழர்களும் வர வேண்டும். நீங்கள் கணக்கெடுக்கும்போது இடுப்பில் பிள்ளையோடு அந்தப் பெண் கதவைத் திறந்தால், பிள்ளையைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டு அவளைப் பேச விடுங்கள். ஈரம் செய்துவிட்டால் பதறாதீர்கள்.

கேள்விகள் இருந்தால் அப்போது பேசிக்கொள்ளலாம். இன்றைக்கு மெப்ஸில் இரண்டு பேருக்கு ஓவர்டைம். அக்கா தனியாக ஐந்து பிள்ளைகளோடு இருக்கிறார், அதில் ஒன்றுக்குக் காலையிலிருந்தே உடம்பு சரியில்லை. நான் கிளம்புகிறேன்.